ஷாம்பெயின் இல்லம் குடும்பச் சொத்தாக இருந்தால் பாட்டிலுக்குள் என்ன மாறுகிறது?

கேள்வி இதுதான்: பாரிஸில் இருக்கும் உங்கள் சித்தப்பா மகன் ஊருக்கு வந்தபோது பொலான்ஜே ஸ்பெஷல் க்யூவே என்ற ஷாம்பெயின் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். “இது இன்னும் குடும்பத்தார் கையிலேயே இருக்கிற கம்பெனி, அதனால்தான் நன்றாக இருக்கும்” என்றும் சொல்லியிருக்கிறார். குடும்பம் நடத்துவதற்கும் குடிக்கிற ஒயினுக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா, இந்தப் பாட்டிலை எப்போது, எப்படித் திறப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு வருடமாக உணவகங்களில் ஒயின் பரிமாறும் பொறுப்பில் இருக்கிறேன். பொலான்ஜே எனக்கு மிகவும் பிடித்த இல்லம் (ஷாம்பெயின் தயாரிக்கும் நிறுவனத்தை இல்லம் என்றுதான் சொல்வார்கள்). அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

தொடர்பு உண்டு. ஆனால் குடும்பம் என்ற ஒரே காரணத்தால் எந்த ஒயினும் நன்றாகிவிடாது. குடும்பச் சொத்தாக இருந்தும் சுமாரான ஷாம்பெயின் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய குழுமத்தின் கையில் இருந்தும் பிரமாதமாகச் செய்கிறவர்கள் உண்டு; க்ரூக் இல்லம் எல்விஎம்ஹெச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமத்துக்குச் சொந்தம், அதன் ஒயினைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. குடும்பத்தால் கொடுக்க முடிகிற ஒன்று அவகாசம். பங்குதாரருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லாதவர், சரக்கை இன்னும் ஐந்து வருடம் கிடக்கட்டும் என்று விட்டுவிடலாம். அறுவடையானதும் களத்திலேயே நெல்லை விற்கிறவருக்கும், பத்தாயத்தில் போட்டு வைத்துப் பழைய நெல்லாக எடுக்கிறவருக்கும் உள்ள வித்தியாசம்தான். பொலான்ஜே அந்த அவகாசத்தை எதில் செலவழிக்கிறது என்று பார்த்தால், உங்கள் பாட்டிலுக்குள் இருப்பது என்ன என்று புரிந்துவிடும்.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் பொலிஞ்சர் என்பார்கள், பிரெஞ்சுக்காரர்கள் பொலான்ஜே என்பார்கள். நிறுவியவரோ ஜெர்மானியர். வூர்ட்டம்பெர்க் பகுதியின் எல்வாங்கன் ஊரில் பிறந்த யோசஃப் பொலிங்கர், ஒயின் வியாபாரம் கற்க பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதிக்கு வந்து அங்கேயே தங்கி, ஜாக் என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். மார்ன் ஆற்றங்கரையில் ஆயி என்றொரு சிறு ஊர். எப்பெர்னேக்குப் பக்கம், மலைச்சரிவு தெற்கே பார்த்திருக்கும், அடியில் சுண்ணாம்புப் பாறை. அங்கே வில்லெர்மோன் என்ற பிரபுவுக்குப் பரம்பரைத் தோட்டங்கள் இருந்தன. கடற்படையில் இருந்தவர். அந்தக் காலத்துப் பிரபு குலத்தார் தம் பெயரில் வியாபாரம் செய்வது மரியாதைக் குறைவு. ஆகவே 1829இல் இல்லம் தொடங்கியபோது அவர் தோட்டத்தைக் கொடுத்தார். கூட்டாளிகளான பால் ரெனோதாவும் ஜாக் பொலான்ஜேயும் பெயரைக் கொடுத்தார்கள். 1837இல் ஜாக், பிரபுவின் மகளையே மணந்துகொண்டார். ரெனோதா 1854இல் விலகினார், வாரிசு இல்லை. ஆனாலும் அவர் பெயர் 1984 வரை லேபிளில் இருந்தது. போனவரின் பெயரை 130 வருடம் லேபிளில் வைத்திருந்தார்கள். இந்த வீட்டின் சுபாவத்தைச் சொல்ல எனக்கு இது ஒன்றே போதும்.

இனி தொழில். ஷாம்பெயின் இரண்டு முறை புளிக்கிற ஒயின். செப்டம்பரில் பழத்தைக் கையால் பறித்து, மெதுவாக அழுத்திச் சாறு எடுக்கிறார்கள். 4,000 கிலோ பழத்துக்கு 2,550 லிட்டர் சாறுதான் எடுக்கலாம் என்று சட்டமே இருக்கிறது. அது புளித்துச் சாதாரண ஒயினாகிறது. தனியாகக் குடித்தால் புளிப்பு பல்லைக் கூசவைக்கும். வசந்த காலத்தில் பல ஊர், பல வகை, பல வருடத்து ஒயின்களைக் கலந்து, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து பாட்டிலில் அடைக்கிறார்கள். பாட்டிலுக்குள் மறுபடி புளிக்கும்போது பிறக்கிற வாயு வெளியே போக வழியில்லாமல் ஒயினிலேயே கரைகிறது. அதுதான் குமிழி. உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 6 வளிமண்டலம், கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வேலை முடிந்த ஈஸ்ட் செத்து அடியில் வண்டலாகப் படிகிறது. அந்த வண்டலோடு ஒயின் எவ்வளவு காலம் கிடக்கிறதோ அவ்வளவுக்கு ரொட்டி, முந்திரி, வெண்ணெய் வாசனையெல்லாம் வந்து சேர்கிறது.

லேபிளில் அறுவடை வருடம் போடாத ஷாம்பெயினுக்குச் சட்டம் கேட்பது பாட்டிலில் 15 மாதம். வருடம் போட்டதற்கு 3 ஆண்டு. பொலான்ஜேயில் வருடம் போடாத ஸ்பெஷல் க்யூவேயே ஏறக்குறைய 3 ஆண்டு கிடக்கிறது. வருடம் போட்ட க்ராந்த் அனே 7 ஆண்டுக்கு முன் வெளியே வருவது அபூர்வம். நிலவறையில் கிடக்கிற ஒவ்வொரு பாட்டிலும் முடங்கிக் கிடக்கிற பணம். இந்த முடக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சகித்துக்கொள்ள ஒரு மனசு வேண்டும், கடன்காரன் கதவைத் தட்டாத நிலைமையும் வேண்டும்.

ஆனால் என்னை இந்த இல்லத்தின் பக்கம் இழுத்தது அந்தக் காத்திருப்பைவிட மேக்னம் என்ற பெரிய பாட்டில்தான். கேட்டவர்கள் முதலில் நம்ப மாட்டார்கள், நானும் நம்பவில்லை. ஷாம்பெயின் வடக்கே இருக்கும் குளிர்ப் பிரதேசம். ஒரு வருடம் பனி மொட்டைக் கருக்கிவிடும், ஒரு வருடம் மழையில் பூஞ்சை பிடிக்கும். 2021இல் இரண்டும் சேர்ந்தே வந்தன. அதனால் எல்லா இல்லங்களும் நல்ல வருடத்து ஒயினில் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, பின்னால் வரும் வருடங்களின் கலவையில் சேர்ப்பார்கள். சேமிப்பு ஒயின் என்று சொல்லலாம். பெரும்பாலானவர்கள் அதைப் பெரிய எஃகுத் தொட்டியில் வைத்திருப்பார்கள். குழாயைத் திறந்தால் போதும், வேலை சுலபம்.

பொலான்ஜே அதை மேக்னம் பாட்டிலில் அடைத்து வைக்கிறது. மேக்னம் என்றால் ஒன்றரை லிட்டர் பாட்டில், வழக்கமான பாட்டிலைப் போல் இரண்டு மடங்கு. ஒவ்வொரு ஊரின் ஒயினையும், ஒவ்வொரு திராட்சை வகையையும், ஒவ்வொரு வருடத்தையும் தனித்தனியாக அடைத்து, உள்ளே உயிர்ப்பு இருக்கட்டும் என்று இலேசாகக் குமிழி வருமளவுக்குச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து, நிஜமான கார்க்கால் மூடி நிலவறையில் படுக்கவைக்கிறார்கள். 5 ஆண்டு முதல் 15 ஆண்டு வரை. இப்படி 7 லட்சத்துக்கும் மேற்பட்ட மேக்னம்கள் ஆயியின் நிலவறைகளில் இருக்கின்றன. ஸ்பெஷல் க்யூவே கலக்கும் காலம் வந்தால் அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் திறந்து ஊற்றுகிறார்கள்.

எதற்கு இத்தனை பாடு? தொட்டியில் கிடக்கும் ஒயின் பழசாகும்போது தட்டையாகிவிடும். வண்டலோடு, இலேசான குமிழியோடு, சின்னப் பாட்டிலில் கிடக்கும் ஒயின் பழசாகியும் புதுசாக இருக்கும். எங்கள் வீட்டுப் பரணில் பாட்டி வைத்திருந்த ஜாடி ஊறுகாய் ஞாபகம் வருகிறது: ஜாடி ஜாடியாகப் பிரித்து வைத்தால்தான் ஒன்று கெட்டாலும் மற்றது தப்பும், ஒவ்வொன்றும் தன் ருசியோடு நிற்கும் என்பார். ஸ்பெஷல் க்யூவேயில் ஒரு வாய் குடித்து விழுங்கிய பிறகு வால்நட் மாதிரியும் லேசான மசாலா மாதிரியும் நாக்கில் தங்குகிறதே, அது பெரும்பாலும் இந்த மேக்னம்களின் வேலை.

உங்கள் பாட்டிலின் திராட்சைக் கலவை ஏறக்குறைய இப்படி: பினோ நுவார் 60 சதவீதம், ஷார்டனே 25, மூனியே 15. பினோ நுவார் கருப்புத் திராட்சை. தோலில் மட்டும்தான் நிறம், சாறு வெள்ளை. மென்மையாக அழுத்தினால் வெள்ளை ஒயின் கிடைக்கும். அதற்கு உடம்பும் கனமும் அதிகம். பொலான்ஜே என்றால் பினோ என்றே தொழிலில் பேச்சு. ஆயியிலும் மலைக்கு வடபுறம் வெர்ஸ்னேயிலும் அவர்களுக்குச் சொந்தத் தோட்டங்கள் உண்டு. மொத்தம் சுமார் 180 ஹெக்டேர் சொந்த நிலம், தேவையில் பாதிக்கும் மேல் அதிலிருந்தே வந்துவிடுகிறது. பெரிய இல்லங்கள் பல, பழத்தில் பெரும்பங்கை வெளி விவசாயிகளிடமிருந்துதான் வாங்குகின்றன. வாங்குவது தவறில்லை. ஆனால் சொந்த நிலத்தில் எந்தக் கொடியை எப்போது பறிப்பது என்பது நம் தீர்மானம்.

ஸ்பெஷல் க்யூவே என்ற பெயர் 1911இல் வந்தது. “ஸ்பெஷல்” என்ற ஆங்கிலச் சொல் அதில் இருப்பதற்குக் காரணம், இங்கிலாந்துதான் அப்போதே அவர்களுடைய பெரிய சந்தை. 1884இல் விக்டோரியா ராணியின் அரண்மனைக்குச் சரக்கு கொடுக்கும் உரிமை கிடைத்திருந்தது. அதே 1911 ஏப்ரலில் ஆயி பற்றி எரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வெளியூர் மலிவுத் திராட்சையைக் கொண்டுவந்து ஷாம்பெயின் என்று விற்கிறார்கள் என்று உள்ளூர் விவசாயிகள் கொதித்து, வியாபாரிகளின் நிலவறைகளை உடைத்தார்கள், தெருவில் ஒயின் ஓடியது, கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள். எந்த நிலத்தில் விளைந்தது ஷாம்பெயின் என்பதற்கு எல்லை போட்டுச் சட்டம் வந்ததன் பின்னால் அந்தக் கோபம் இருக்கிறது.

பாட்டிலுக்குத் திரும்புவோம். மேக்னம்களுக்கு அடுத்தது பீப்பாய். எஃகுத் தொட்டி வந்தபின் ஷாம்பெயினில் பெரும்பாலானவர்கள் மரப் பீப்பாயைக் கைவிட்டுவிட்டார்கள். பொலான்ஜே விடவில்லை. க்ராந்த் அனேயும் அதற்கு மேலான ஒயின்களும் முழுக்க ஓக் பீப்பாயில்தான் முதல் முறை புளிக்கின்றன. ஸ்பெஷல் க்யூவேயிலும் ஒரு பங்கு அப்படியே. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பீப்பாய்கள். எல்லாம் பழசு, பெரும்பாலும் பர்கண்டி என்ற ஒயின் பகுதியில் பல வருடம் உழைத்துவிட்டு வந்தவை. புதுப் பீப்பாயானால் ஒயினில் மர வாசனை ஏறிவிடும், அது இவர்களுக்கு வேண்டாம். பழைய மரத்தின் துளை வழியாக மூச்சு விடுகிற அளவுக்குக் காற்று உள்ளே போனால் போதும். கொஞ்சமாகக் காற்றில் பழகிய ஒயின் பின்னால் காற்றைக் கண்டு பயப்படாது, நீண்ட நாள் தாங்கும். பழைய பீப்பாய் ஒழுகும், பலகை இற்றுப்போகும். அதைப் பழுது பார்க்க வீட்டோடு பீப்பாய்த் தச்சர் இருக்கிறார். ஷாம்பெயினில் சொந்தப் பீப்பாய்ப் பட்டறையை விடாமல் வைத்திருக்கும் இல்லம் என்று இவர்களுக்குப் பெயர். அந்தப் பட்டறை வாசலில் நின்றபோது, வளையத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்கும் சத்தத்தை மாத்திரம் கேட்டுக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். ஒவ்வொரு தட்டுக்கும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். எப்போது நிறுத்த வேண்டும் என்று தச்சருக்கு அவர் காது சொல்லிவிடுகிறது.

இன்னொன்றும் அங்கே கண்ணால் பார்த்தேன். பாட்டில் நிலவறையில் கிடக்கும் காலத்தில் மற்றவர்கள் சோடா பாட்டில் மூடி போன்ற தகர மூடியைப் போடுவார்கள். மலிவு, இயந்திரம் தட்டி எடுத்துவிடும். நீண்ட நாள் கிடக்க வேண்டிய ஒயினுக்கு பொலான்ஜே கார்க்தான் போடுகிறது, இரும்புக் கொக்கியால் கவ்விப் பிடித்து. முதல் சில வருடங்களுக்கு மேல் போனால் தகர மூடியை விடக் கார்க் நன்றாகக் காக்கிறது என்பது அவர்கள் அனுபவம். ஆனால் அதன் வண்டலை இயந்திரத்தால் எடுக்க முடியாது. வேலை செய்கிறவர் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார். வாரக்கணக்கில் திருப்பித் திருப்பி வைத்ததில் வண்டல் கழுத்துக்கு வந்து நிற்கிறது. கொக்கியை இடுக்கியால் விடுவித்து, கார்க் தெறிக்கிற அந்தக் கண நேரத்தில் பாட்டிலை நிமிர்த்துகிறார். வண்டல் நுரையோடு பீறிட்டுப் போகிறது, ஒயின் உள்ளே நின்றுவிடுகிறது. ஒரு நொடி தாமதித்தால் கால் பாட்டில் தரையில். உடனே கட்டைவிரலால் வாயை மூடி, மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறார். கார்க் கெட்டிருந்தால் ஈரச் சாக்கு வாசனை அடிக்கும், அந்தப் பாட்டில் தனியே போய்விடும். க்ராந்த் அனே பாட்டில் ஒவ்வொன்றும் கடைக்கு வருமுன் ஒரு மனிதரின் மூக்கைத் தாண்டித்தான் வருகிறது.

இப்போது ஒரு பெண்மணி. 1941இல் நிறுவியவரின் பேரன் ஜாக் பொலான்ஜே இறந்தார். ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலம், அவர்தான் ஊர் மேயரும். பொறுப்பு அவர் மனைவி எலிசபெத் தலையில் விழுந்தது. லிலி என்று கூப்பிடுவார்கள், பிறந்தது 1899. குழந்தை இல்லை. பெட்ரோல் கிடைக்காத நாட்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார். போர் முடிந்த பிறகும் அந்தச் சைக்கிளை விடவில்லை. கொடிகளுக்கு நடுவே தொப்பி போட்ட அம்மாள் சைக்கிளில் வருகிற புகைப்படம் இன்றும் பிரபலம். 1971 வரை அவர்தான் நடத்தினார். அவர் காலத்தில் நிலமும் பெருகியது, விற்பனையும் ஏறக்குறைய இரட்டிப்பானது. 1961இல் லண்டனில் பத்திரிகைக்காரர் ஒருவர் எப்போது ஷாம்பெயின் குடிப்பீர்கள் என்று கேட்டபோது, சந்தோஷத்திலும் குடிப்பேன், துக்கத்திலும் குடிப்பேன், தனியாக இருந்தால் சில வேளை, ஆள் இருந்தால் கட்டாயம், பசியில்லாவிட்டால் கொறிப்பது போல, பசித்தால் நன்றாக, மற்றபடி தொடுவதே இல்லை, தாகம் எடுத்தாலொழிய என்ற கருத்தில் அவர் சொன்ன பதில் உலகம் முழுக்கப் போயிற்று.

நீங்கள் புதுச்சேரிக்காரர் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லிலியின் பிறந்த வீட்டுப் பெயர் லா தெ லோரிஸ்தோன். வெள்ளை நகரத் தெருப் பலகையில் நீங்கள் பார்த்திருக்கும் அதே பெயர். ஸ்காட்லாந்திலிருந்து பிரான்ஸுக்கு வந்த லா குடும்பம் அது. ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய புதுச்சேரியை 1765இல் திரும்பப் பெற்று, ஊரை மறுபடி எழுப்பியவர் ஆளுநர் ழான் லா தெ லோரிஸ்தோன். 1752இல் திருச்சி முற்றுகையின்போது ஸ்ரீரங்கம் தீவில் சிக்கிக்கொண்டு ஆங்கிலேயரிடம் சரணடைந்த பிரெஞ்சுத் தளபதியும் அந்த லா குடும்பத்தவர்தான். பின்னால் பிரான்ஸின் மார்ஷலாக உயர்ந்த ஜாக் அலெக்சாந்தர் லா தெ லோரிஸ்தோன் 1768இல் பிறந்தது புதுச்சேரியில். முதல் முறை இதைப் படித்த அன்று, அந்தப் பாட்டிலை எடுத்து லேபிளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லிலி அம்மாள் விட்டுப்போனது இரண்டு ஒயின்கள். ஒன்று ஆர்.டி. ‘சமீபத்தில் வண்டல் நீக்கியது’ என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம். ஷாம்பெயினை வண்டல் நீக்கி அனுப்பிவிட்டு வாங்கியவர் தன் வீட்டில் பழசாக்குவதுதான் வழக்கம். அவர் திருப்பிப் போட்டார்: வண்டலோடு எங்கள் நிலவறையிலேயே நீண்ட காலம் கிடக்கட்டும், திறந்து வண்டல் நீக்கியதும் உடனே அனுப்பலாம், அப்போது ஒயினில் பழமையும் இருக்கும், அன்று பறித்த பூப்போலப் புதுமையும் இருக்கும். 1952ஆம் ஆண்டு ஒயினை 1967இல் இப்படி வெளியிட்டார். பின்பக்க லேபிளில் வண்டல் நீக்கிய தேதியையும் போட்டார். இன்று பல இல்லங்கள் அந்தத் தேதியைப் போடுகின்றன. வாங்குகிறவருக்கு அது பெரிய உபகாரம்.

மற்றொன்று வியேய் வீன்யு ஃப்ரான்ஸேஸ், ‘பழைய பிரெஞ்சுக் கொடிகள்’. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைக் கொடிகளை ஏறக்குறைய துடைத்துவிட்டது. வேரை அமெரிக்கக் கொடியாக வைத்து, மேலே ஐரோப்பியக் கொடியை ஒட்டுப் போட்டுத்தான் தோட்டங்களை மீட்டார்கள். இன்று நீங்கள் குடிக்கும் பிரெஞ்சு ஒயின் ஏறக்குறைய எல்லாமே ஒட்டுக்கொடியில் விளைந்தது. பொலான்ஜேயிடம் பினோ நுவார் பயிரான சில துண்டு நிலங்கள் மட்டும் பூச்சிக்குத் தப்பின. இப்போது மீதி இருப்பவை ஆயியில் உள்ள ஷோத் தேர், க்ளோ சேன் ஜாக் என்ற இரண்டு. சேர்த்தாலும் ஒரு ஏக்கர் தேறாது. பூஸி ஊரில் இருந்த மூன்றாவது துண்டை 2000களின் நடுவில் பூச்சி எடுத்துக்கொண்டது.

அங்கே கொடிகள் வரிசையில் நிற்பதில்லை, கூட்டமாக நிற்கின்றன. புதுக் கொடி வேண்டுமென்றால் நாற்று வாங்குவதில்லை. பழைய கொடியின் கிளையை வளைத்து மண்ணில் புதைக்கிறார்கள், அது வேர்விட்டுப் புதுக் கொடியாகிறது. நம் வீட்டில் மல்லிகைக்குப் பதியம் போடுகிறோமே, அச்சு அசலாக அதுதான். டிராக்டர் நுழைய முடியாது, எல்லாம் கைவேலை. லிலியின் 70ஆவது பிறந்தநாளை ஒட்டி 1969இல் இந்தப் பழத்தை மட்டும் தனியே எடுத்து ஒயினாக்கினார்கள். வருடத்துக்குச் சில ஆயிரம் பாட்டில்கூடத் தாண்டாது. ஒரே ஒருமுறை, விருந்தாளி ஒருவர் மீதி வைத்த அரைக் கிண்ணம் என் பங்குக்கு வந்தது. தேனும், காய்ந்த அத்திப்பழமும், அடியில் மழை விழுந்த சுண்ணாம்பு வாசனையும். அந்த நிலத்தைப் பிடுங்கி ஒட்டுக்கொடி நட்டிருந்தால் விளைச்சலும் கூடியிருக்கும், வேலையும் குறைந்திருக்கும். கணக்குப் பார்க்கிற எந்த நிர்வாகமும் அதைத்தான் செய்திருக்கும். பூச்சி எந்த வருடமும் வரலாம் என்று தெரிந்தே அதை வைத்திருக்கிறார்களே, அவகாசம் என்று நான் சொன்னதன் முழு அர்த்தமும் அந்த ஒரு ஏக்கருக்குள் இருக்கிறது.

லிலிக்குப் பிறகு நிர்வாகம் உறவினர்கள் கைக்குப் போனது. க்ளோத் தோத்ஃபுய், பிறகு 1978 முதல் கிறிஸ்தியான் பிஸோ, 1994 முதல் கிஸ்லேன் தெ மோங்கோல்ஃபியே. 2008இல் முதல் முறையாகக் குடும்பத்துக்கு வெளியே இருந்து ஒருவரை நிர்வாகத் தலைவராக அமர்த்தினார்கள். ஆகவே உங்கள் சகோதரர் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம்: சொத்து குடும்பத்துடையது, அன்றாட நிர்வாகம் தொழில் தெரிந்த வெளியாளுடையது. என் அபிப்பிராயத்தில் அதுதான் நல்ல ஏற்பாடு. பிறந்த வீட்டை வைத்து யாருக்கும் நாக்கு வாய்த்துவிடுவதில்லை. குடும்பம் செய்ய வேண்டியது விற்காமல் இருப்பதும், மேக்னம்களைத் தொட்டியாக மாற்றினால் எவ்வளவு மிச்சம் என்று கணக்கு வரும்போது வேண்டாம் என்று சொல்வதும்.

விற்காமல் இருப்பது சுலபமும் அல்ல. டெத்தாஞ்சே இல்லத்தில் உறவினர்கள் பெருகி, 2005இல் குடும்பச் சொத்து முழுக்க ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்குப் போய்விட்டது. அடுத்த வருடமே பியேர் எம்மானுவேல் டெத்தாஞ்சே வங்கியின் துணையோடு ஷாம்பெயின் இல்லத்தை மட்டும் மீட்டு வந்தார். எல்லாக் குடும்பத்துக்கும் அப்படி ஒருவர் கிடைப்பதில்லை. குடும்பங்களின் கையில் தொடர்வதில் லூயி ரோதரேர், போல் ரோஜே, பில்லெக்கார்-சல்மோன் மூன்றையும் நான் தயங்காமல் சொல்வேன். பில்லெக்கார் மெல்லியது, பூவாசம். போல் ரோஜே நிதானமானது. பொலான்ஜே மூன்றையும்விடக் கனம், காற்றில் பழகிய ருசி. கனம் பிடிக்காதவர்களுக்கு இது பிடிக்காது, அதில் அவர்கள் மேல் தவறில்லை.

இனி உங்கள் பாட்டில். ஸ்பெஷல் க்யூவே கடைக்கு வரும்போதே குடிக்கத் தயாராக இருக்கும். நிலவறையில் 10, 12 டிகிரியில் வைத்தால் இன்னும் சில வருடம் அழகாகப் பழுக்கும். ஆனால் புதுச்சேரி வெயிலில், அலமாரியில், அது நடக்காது. சூட்டில் ஒயின் வெந்துவிடும், குமிழியும் சோர்ந்துவிடும். சமையலறை ஃபிரிட்ஜில் மாதக்கணக்கில் வைப்பதும் வேண்டாம். இந்த மாதத்துக்குள் திறந்துவிடுங்கள். விசேஷ நாள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், நல்ல சாப்பாடு இருக்கிற நாள் போதும்.

முதல் நாள் இரவே ஃபிரிட்ஜில் வையுங்கள். பரிமாறும்போது 8 முதல் 10 டிகிரி. ஐஸ்போல் குளிர்ந்தால் மேக்னம்கள் கொடுத்த வாசனையெல்லாம் ஒளிந்துகொள்ளும். ஒல்லியான நீளக் கிண்ணம் வேண்டாம், வயிறு கொஞ்சம் அகன்ற சாதாரண வெள்ளை ஒயின் கிண்ணம் எடுங்கள். பாட்டிலை உலுக்கி, கார்க்கைப் பறக்கவிடுவதை யார் கேட்டாலும் செய்யாதீர்கள். 6 வளிமண்டல அழுத்தம், கண்ணில் பட்டால் கண் போய்விடும். கம்பியைத் தளர்த்தும்போதே கட்டைவிரல் கார்க் மேல் இருக்கட்டும். பாட்டிலைச் சாய்த்து, கார்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். பெருமூச்சு விட்டாற்போல் ‘உஸ்’ என்றால் சரியாகத் திறந்திருக்கிறீர்கள்.

தொட்டுக்கொள்ள, ஊர்க்காரர்கள் ஷவூர்ஸ் என்ற மென்மையான பாலாடைக்கட்டியை வைத்துக்கொள்வார்கள். பழைய பார்மசான் துண்டும் நன்றாகச் சேரும். நீங்கள் இருக்கும் ஊரில் நான் இருந்தால் வஞ்சிரம் வறுப்பேன். மிளகாய்த்தூளைப் பாதியாகக் குறைத்து, அதோடு உப்பும் மிளகும் எலுமிச்சையும் மட்டும். எண்ணெய்ப் பண்டத்துக்கு இந்தப் புளிப்பும் குமிழியும் கொடுக்கும் துணையை வேறு எந்த ஒயினும் எனக்குக் கொடுத்ததில்லை. இனிப்போடு வைக்காதீர்கள், லிட்டருக்கு 7, 8 கிராம் சர்க்கரைதான் இதில் இருக்கிறது, லட்டு சாப்பிட்ட வாய்க்கு வெறும் புளிப்பாகத் தெரியும்.

முதல் கிண்ணத்தை ஊற்றியதும் பாதியைக் குடித்துவிட்டு மீதியை அப்படியே மேசையில் இருபது நிமிடம் விட்டுவையுங்கள். முதலில் பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல். நேரம் போகப் போகக் குளிர் விட்டு, சுட்ட ரொட்டியும் பழுத்த பேரிக்காயும் வால்நட்டும் மேலே வரும். கிண்ணம் காலியான பிறகும் ஒரு தடவை முகர்ந்து பாருங்கள்.